அப்பா சார்ஜ் ஒப்படைத்தார்

அப்பா ஸ்டூலிலிருந்து விழுந்ததைச் சென்ற இதழில் படித்துவிட்டு உங்களில் பல பேருக்குக் கோபம். "இந்த வயசுல அவரை அலமாரி உச்சியைத் துடைக்க விட்டது யாரு?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். யாரும் விடவில்லை அம்மா. மகளும் மருமகனும் வேலைக்குப் போன நேரம் பார்த்து அவரே ஸ்டூலைப் போட்டார், ஏறினார், விழுந்தார். இடது மணிக்கட்டில் கட்டு. மற்றபடி ஆள் பத்திரம், வீறாப்பு அதைவிடப் பத்திரம்.

நகரத்துக்கே தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் காலமெல்லாம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி போன பிறகு மகள் வீட்டுக்கு வந்தார். வந்த மறுநாளே துடைப்பம் அவர் கைக்குப் போயிற்று. சும்மா உட்கார்ந்து சாப்பிட்டால் அவருக்குத் தொண்டையில் இறங்காது.

மகனிடம் போயிருக்கலாம். மகனுக்கு வெளியூரில் டயர் வியாபாரம், பெரிய வீடு, கூப்பிட்ட குரலுக்கு வேலையாட்கள். "அங்க எல்லாத்துக்கும் ஆள் இருக்கு. நான் எதுக்கு?" என்று ஒரே வார்த்தையில் அப்பா மறுத்துவிட்டார். மகனுக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஸ்டூல் விவகாரத்துக்குப் பிறகு, வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் வைப்பதென்று மகளும் மருமகனும் முடிவெடுத்தார்கள். இருவர் குடும்பத்திலும் இது முதல் தடவை. ஆளைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. மகள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து போகிற ஒரு பெண்மணியே கிடைத்தார். அப்பாவிடம் யார் சொல்வது என்பதில்தான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் மகள் போட்டு உடைத்தாள். அப்பா வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

"அப்ப எனக்கு ரிலீவர் வந்தாச்சு" என்று சிரித்தார்.

மகளும் சிரித்தாள். அப்பாடா, இவ்வளவுதானா என்று நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள். ரிலீவர் என்றால் அடுத்த ஷிப்டுக்குச் சார்ஜ், அதாவது பொறுப்பு, எடுக்க வருகிறவர். பம்ப் ஹவுஸ்காரர் மகளுக்கு அந்த இடத்தில் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

காலையில் குளித்துவிட்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். அப்பா ஒற்றைக் கையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"கால் வைக்காத. ஈரம்."

"சுத்தம் பண்ணத்தான் இன்னைக்கு ஆள் வர்றாங்களேப்பா!"

"அதனாலதான் துடைக்கிறேன். வர்றவங்க கையில அழுக்கோடவா ஒப்படைக்கிறது? அப்படி ஒரு நாள் குடுத்திருந்தா எந்த ரிலீவர் என்னை மதிச்சிருப்பான்?"

மருமகன் காப்பிக் கோப்பையோடு வாசற்படியில் ஒற்றைக் காலில் நின்றான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுப்பவன். ஸ்டியரிங் இன்னொருவர் கையில் இருக்கும்போது எதிர்த்துப் பேசக் கூடாது என்பது அவன் தொழில் கற்றுத் தந்த ஞானம்.

"மாமா சொல்றதும் சரிதானே" என்றான்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மகள்.

"அதுவும் சரிதான்."

அழைப்பு மணி அடித்தது. வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கொஞ்சம் பூசின உடம்பு, இறுக்கி முடிந்த கொண்டை, தோளில் பை, பைக்குள் தன்னுடைய ரப்பர் கையுறை. உள்ளே வந்ததும் மனிதர்களைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார், மூலைகளைப் பார்த்தார், மேலே பார்த்தார்.

"தப்பான வீட்டுக்கு வந்துட்டேனா?" என்று கேட்டார். "இங்க எனக்கு என்ன வேலை?"

மகளுக்கு மானமே போயிற்று. "அது வந்துக்கா... அப்பா காலையிலயே..."

அப்பா தன் அறையிலிருந்து வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, படிய வாரிய தலை, காலில் ஷூ.

"வாங்கம்மா. சார்ஜ் எடுத்துக்கறீங்களா?"

அந்த அக்கா மகளைப் பார்த்தார். மகள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"எடுத்துக்கறேங்கய்யா" என்றார் அக்கா, பெரிய மனதோடு.

மகளும் மருமகனும் அந்த இடைவெளியில் தப்பித்து வேலைக்கு ஓடினார்கள். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை, வந்தவரும் நல்லவராகத் தெரிகிறார், வேறென்ன வேண்டும்?

அப்பா அறை அறையாக அழைத்துப் போனார்.

"இந்தக் குழாயை அழுத்தித் திருகக் கூடாது. விரல் பட்டாப் போதும். என் பொண்ணு பயில்வான் மாதிரி திருகுவா. அவகிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு."

"சரிங்கய்யா."

"வாஷிங் மெஷின் சுத்துற நேரத்துல நகர்ந்து வரும். பக்கத்துல நின்னு இடுப்பால லேசா ஒரு முட்டுக் குடுக்கணும்."

"என் இடுப்பாலயா? மெஷின் பக்கத்து வீட்டுக்குப் போயிடும்யா."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். ஒப்படைக்கும்போது சிரிப்பது முறையல்ல.

மகளின் படுக்கையறை வாசலில் நின்றார். "இதுக்குள்ள நான் போறதில்ல. என் எல்லை இதோட சரி."

அக்கா கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். நாற்காலி மேல் துணிமலை, கண்ணாடி மேசையில் கொட்டிக் கிடந்த பவுடர், கட்டிலுக்கடியில் தூசி.

"அப்பாடா!" என்றார் முகமெல்லாம் மலர்ந்து. "இப்பத்தான்யா எனக்கு உயிர் வந்துச்சு."

கையுறையை மாட்டிக்கொண்டு அவர் உள்ளே போகத் திரும்பியபோது, அப்பா சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார்.

"எனக்கெதுக்குய்யா?"

"டியூட்டியில இருக்கிறவங்ககிட்டதான் சாவி இருக்கணும்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு டியூட்டி முடிஞ்சிடுச்சும்மா. கிளம்பறேன். வணக்கம்."

கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

பம்ப் ஹவுஸில் ஒரு வழக்கம் உண்டு. சார்ஜ் ஒப்படைத்தவன் அதற்குமேல் உள்ளே நிற்கக் கூடாது. எப்போதோ ஒருவர், ஒப்படைத்த பிறகும் அரட்டை அடித்துக்கொண்டே பழக்க தோஷத்தில் ஒரு வால்வைத் திறந்துவிட்டாராம். குழாய்க்குள் வேலை செய்துகொண்டிருந்த ஃபிட்டர் பிழைத்ததே பெரிய காரியம். அன்றிலிருந்து, ஒப்படைத்தாயா, கேட்டுக்கு வெளியே போ. அப்பா இந்த வழக்கத்தை ஒரு நாளும் மீறியதில்லை. வீட்டிலும் மீற அவருக்குத் தெரியவில்லை.

மத்தியானம் அவரோடு சேர்ந்து சாப்பிட மருமகன் வீட்டுக்கு வருவது வழக்கம். இன்று வகுப்பு இழுத்துவிட்டது. காரில் இருந்தவர் ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாயில் துளை போடும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைத் தொட்டால் வெடவெடக்கும். அவரைக் கீழேயே நிறுத்திவிட்டு மருமகன் மாடிக்கு ஓடினான்.

வீடு பூட்டியிருந்தது. தன் சாவியால் திறந்தான். படுக்கையறைகூடப் பளபளத்தது. அப்பாவின் போன் சார்ஜரில் கிடந்தது. ஷூவைக் காணோம்.

மகள் அப்போது கடையில் ஒருவர் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் காம்பை வளைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா வீட்டுல இல்ல" என்றான் மருமகன் போனில்.

"இல்லைன்னா? நல்லாப் பாத்தீங்களா?"

"மொத்த வீடும் பாத்துட்டேன். கட்டிலுக்கு அடியிலகூட."

"கட்டிலுக்கு அடியில எதுக்குங்க பாக்கறீங்க?"

"வேற எங்க பாக்கறதுன்னு தெரியல" என்றான் அவன் பாவமாக.

அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். அவர் வேறொரு வீட்டில் இருந்தார். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம்.

"ஐயா நான் வந்த கொஞ்ச நேரத்துலயே டியூட்டி முடிஞ்சுதுன்னு கிளம்பிட்டாரும்மா. அழகா வணக்கம் சொல்லிட்டுத்தான் போனாரு. நீங்க பேசி வச்ச ஏற்பாடுன்னு நெனச்சேன். சாவிகூட என்கிட்டதான் இருக்கு. ஏம்மா, தப்பா எதுவும்...?"

"உங்க மேல தப்பே இல்லக்கா" என்று சொல்லிவிட்டு மகள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கடை ஸ்டூல்.

சின்ன வயதில் அப்பாவை அழைத்து வர அவள் பம்ப் ஹவுஸ் கேட்டுக்குப் போவதுண்டு. ஒரு நாள் கொட்டுகிற மழை. உள்ளே காய்ந்த அறை இருக்க, அப்பா கேட்டுக்கு வெளியே தெப்பமாக நனைந்தபடி நின்றார். "சார்ஜ் குடுத்துட்டேன்மா" என்றார். அன்று அது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

இப்போது, தன் வீட்டை விட்டே அவர் அப்படி வெளியேறிவிட்டார் என்று புரிந்தபோது கண்ணில் நீர் முட்டியது. ஒரு பராமரிப்பு வேலைக்காக மட்டும் அந்த வீட்டில் இருந்ததாகவா அவர் நினைத்தார்?

மருமகன் கீழே வந்து விஷயத்தைச் சொன்னான். "இன்னைக்கு வகுப்பு அவ்வளவுதான் டாக்டர். மாமாவைத் தேடணும்."

"ஏறுங்க" என்றார் பல் டாக்டர்.

"நான் ஓட்டறேன் டாக்டர்."

"நீங்க ஓட்டினா ரோட்டைப் பாப்பீங்களா, மாமாவைப் பாப்பீங்களா? நான் ரோட்டைப் பாத்துக்கறேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வண்டி அணையாமல் கிளம்பியது. அதன்பின் நடக்கிறவர்கள் எல்லாம் அவர்களை முந்திப் போனார்கள். பின்னால் ஒலிப்பான்கள் கதறின. அவர் அசரவில்லை. மருமகன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, பேருந்து நிறுத்தம், பூங்கா, மருந்துக்கடை என்று ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"டாக்டர், பிரேக்!"

இந்தத் தடவை சரியான பெடலைத்தான் மிதித்தார்.

அது ஒரு சலவைக் கடை. காசு போட்டால் மெஷின் துவைக்கும். உள்ளே வரிசையாகச் சுழலும் மெஷின்களுக்கு எதிரே, முழுக்கைச் சட்டையும் ஷூவுமாக, அப்பா.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் எதுவுமே நடக்காத மாதிரி. "அந்த மூணாவது மெஷின் சத்தத்தைக் கேளுங்க. பேரிங் போகப்போகுது. கடைக்காரர்கிட்ட சொன்னேன். நல்ல மனுஷன், டீ வாங்கிக் குடுத்தாரு."

மருமகனுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, திட்டவும் தோன்றியது. இரண்டையும் மனைவிக்கு விட்டுவிட்டு, போனை எடுத்து இடத்தைச் சொன்னான்.

அவள் டாக்சியிலிருந்து இறங்கியபோது கழுத்தில் கடை அடையாள அட்டை, கையில் யாருடைய கண்ணாடியோ. மருமகன் நாசூக்காக வெளியே போய் டாக்டருக்கு ரிவர்ஸ் கற்றுக்கொடுக்கத் தொடங்கினான்.

"என்னப்பா இது?"

"சார்ஜ் குடுத்தாச்சும்மா. குடுத்தவன் உள்ள இருக்கக் கூடாது."

"அது பம்ப் ஹவுஸ். இது வீடு!"

"வீடுதான். உன் வீடு." அப்பா மெஷினையே பார்த்துக்கொண்டு பேசினார். "நான் ஒண்ணும் கோபத்துல வரலம்மா. அந்தம்மா நல்ல வேலைக்காரங்க, பாத்ததும் தெரிஞ்சுடுச்சு. என்னைவிட நல்லாவே செய்வாங்க. அப்புறம் அங்க எனக்கு என்ன வேலை, நீயே சொல்லு."

சொல்ல வேண்டியதை டாக்சியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். எல்லாம் மறந்துவிட்டது. வாயில் வந்தது வேறு.

"மூணு வருஷமா நான் உங்க முதுகோடதான்பா பேசிட்டு இருக்கேன்."

அப்பா திரும்பினார்.

"சாயங்காலம் வீட்டுக்கு வருவேன். நீங்க அடுப்பைத் துடைச்சிட்டு இருப்பீங்க. கடையில நடந்ததைச் சொல்ல வருவேன், ஜன்னலைத் துடைக்கப் போயிடுவீங்க. பின்னாலயே வந்து சொல்வேன். 'ம்'னு சொல்லிட்டு வாளியைத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. அம்மா இருந்தப்பவாவது அவங்களோட உக்காந்து பேசினீங்க. நான் ஆள் வச்சது உங்களை நிறுத்தறதுக்கு இல்லப்பா. நீங்க ஒரு இடத்துல உக்காரணும்னுதான்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நல்ல கையால் கட்டுப் போட்ட கையைத் தடவினார். இப்படி ஒரு புகாரை அவர் எதிர்பார்க்கவில்லை. வேலையில் குறை என்றால் திருத்திக்கொள்வார். இது வேலை செய்ததே குறை என்கிறது.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனேப்பா. முதுகு கேக்கலையே."

அவர் சிரித்தார். அவளுக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது.

"சரி" என்று பக்கத்து நாற்காலியைத் தட்டினார். "கடையில என்ன நடந்துச்சு இன்னைக்கு?"

"இன்னைக்கா? இதோ பாருங்க, ஒருத்தர் மூக்குல இருந்ததைக் கழட்டிட்டு அப்படியே ஓடி வந்துட்டேன். பாவம், அந்த மனுஷன் கண்ணு தெரியாம கடையில உக்காந்திருப்பாரு."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மெஷின்கள் சுழன்றன. போன வாரம் இடம் வலம் மாற்றிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தவர் கதை, ஜோடியாக வந்து ஒரே பிரேமுக்கு அடித்துக்கொண்ட கணவன் மனைவி கதை எல்லாம் வெளியே வந்தன. அப்பா குறுக்குக் கேள்விகூடக் கேட்டார். அவள் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

நடுவில் ஒரு தடவை அவர் முகம் மாறியது. "அம்மாடி, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். அவசரப்பட்டு..."

"எதுவா இருந்தாலும் அப்புறம் சொல்லிக்கலாம்பா. முதல்ல சாப்பாடு. மணி என்ன ஆச்சு பாருங்க."

சந்தோஷத்தில் இருப்பவர்கள் அடுத்தவரை முழுசாகப் பேச விடமாட்டார்கள். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

டாக்டர்தான் வீட்டு வாசல்வரை ஓட்டி வந்தார். அந்தக் கண்ணாடி மன்னிப்போடு உரிய மூக்குக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா இருட்டுவதற்கு முன்பே சாவியோடு வந்து நின்றார். மனது கேட்கவில்லையாம்.

"நீங்களே வச்சுக்குங்கய்யா" என்று அப்பா கையில் சாவியைத் திணித்தார். "மணி அடிச்சா நீங்க கதவைத் திறக்கணும். பூட்டின வீட்டுல தனியாப் பேசிட்டு வேலை செய்ய எனக்குப் பிடிக்காது. இன்னொண்ணு, அடுத்த தடவை கொஞ்சம் அழுக்கு மிச்சம் வைங்க. செஞ்சது தெரிய வேணாமா?"

"முயற்சி பண்றேன்மா" என்றார் அப்பா. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் வீடு நிறைந்திருந்தது. சொல்லப்போனால் அதே மூன்று பேர்தான். ஆனாலும் நிறைந்திருந்தது. அப்பா சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மருமகன் பல் டாக்டர் மாதிரி ஸ்டியரிங் பிடித்து நடித்துக் காட்டினான். மேசை மேல் சிந்திய டீயைப் பார்த்து அப்பாவின் கை இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவையும் அமர்ந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் இருந்தாள். இப்படி ஒரு சாயங்காலத்துக்காக எவ்வளவு நாள் ஏங்கியிருக்கிறாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

போன் அடித்தது. அண்ணன். அவள் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

"அப்பாகிட்ட பேசணுமாண்ணா?"

"வேணாம், உன்கிட்டதான் பேசணும். அப்பா சொன்னாரா?" அண்ணன் குரலே வேறு மாதிரி இருந்தது. "மத்தியானம் ஏதோ சலவைக் கடைக்காரர் போனை வாங்கி என்கிட்ட பேசினாரு."

"என்ன சொன்னாரு?"

"'உன் தங்கச்சி வீட்டுலயும் ஆள் வந்தாச்சுடா. இனி எந்த வீடா இருந்தா என்ன? உன்கிட்ட வரட்டுமா'ன்னு கேட்டாரு." அண்ணன் மூக்கை உறிஞ்சினான். "அவர் இதுவரைக்கும் என்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. உனக்கே தெரியும். கடையைப் பாதியில விட்டுட்டு வந்துட்டேன். பூங்கா பாத்த ரூமை ஒழிச்சாச்சு. வேலையாள் யாரையும் உள்ள விடல. நானே கூட்டி, நானே துடைச்சேன். எனக்குத் துடைக்கக்கூடத் தெரியல, தரையெல்லாம் ஒரே தண்ணி. உங்க அண்ணி விழுந்து விழுந்து சிரிக்கிறா."

அவன் சிரித்தான். அழுகிறானோ என்றும் இருந்தது.

"நாளைக்குக் காலையில கார் எடுத்துட்டு வர்றேன். வரலாமில்ல?"

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அப்பா சோபாவில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டுவிட்டு, அவள் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாண்ணா" என்றாள்.